தேர்தல் வரட்டும், ரெண்டு பேரும் வாறோம்

எங்கள் வீட்டில் ஒரு துப்பாக்கி இருந்தது. இதைச் சொன்னால் சிலர் பயந்து பார்ப்பார்கள். பயப்பட ஒன்றும் இல்லை. ஒத்தைக்குழல் துப்பாக்கி. என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்து வந்த பிறகு முறையாக லைசென்ஸ் எடுத்து வாங்கினது. தென்காசியில் ஒரு நகைக்கடன் கடையில் அவருக்குக் கன்மேன் வேலை. வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு, துப்பாக்கியை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். சொந்தத் துப்பாக்கி உள்ளவருக்குத்தான் அந்த வேலை கொடுப்பார்கள். கம்பு வைத்திருக்கிறவர் வெறும் வாட்ச்மேன். ஆகவே எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததும், எங்கள் ஒரே மகள் படித்ததும் அதை வைத்துத்தான். அத்தனை வருசத்தில் அது ஒரு தடவைகூட வெடித்துப் பார்த்ததில்லை. ஆனால் அதனுடைய பாரம் எனக்குத் தெரியும்.

பாரம் என்றால் தூக்குகிற பாரம் இல்லை. அதைத் தனியாக விட்டுவிட்டு இரண்டு பேரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு போகக் கூடாது என்பது அவருடைய சட்டம். சும்மா வந்த சட்டமும் இல்லை. அவரோடு பட்டாளத்தில் இருந்த ஒருவர், அவரும் கன்மேன்தான், குடும்பத்தோடு திருச்செந்தூருக்குப் போய்விட்டு வருவதற்குள் வீட்டில் இருந்த துப்பாக்கி களவு போய்விட்டது. களவாண்டவனைப் பிடிக்கிற மட்டும் பறிகொடுத்தவரையே ஸ்டேஷனுக்கு இழுத்தார்கள். லைசென்ஸ் போச்சு, வேலை போச்சு. கடைசியில் அந்த மனுசன் செங்கோட்டை ரயிலடியில் சைக்கிளுக்கு டோக்கன் போடுகிற வேலைக்குப் போனார். அவரைப் பார்த்துவிட்டு வந்த நாளில் இருந்து, வேலை இல்லாத நேரத்தில் துப்பாக்கி பீரோவுக்குள் இருக்கும், எங்களில் ஒருவர் வீட்டுக்குள் இருப்போம்.

மேலகரத்தில் எங்கள் தெருவுக்கே இது தெரியும். எதிர்வீட்டு அக்கா கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தால், "ஒங்க வீட்லதான் எறக்கி விட முடியாத கைக்குழந்த ஒண்ணு கெடக்கே. இந்தத் தடவ யாரு வருதிய, ஆத்தாளா, அப்பனா?" என்று கேட்பாள். கேட்டுவிட்டு அவளே சிரிப்பாள். என் பக்கத்துச் சொந்தம் என்றால் நான் போவேன். அவர் பக்கத்துச் சொந்தம் என்றால் அவர் போவார்.

எனக்குக் கூட்டம் என்றால் ஆகாது. அஞ்சாங்கிளாசோடு நின்றவள். நாலு பேர் கூடின இடத்தில் எனக்கு வாய் திறந்து பேச வராது. கல்யாண வீட்டில் யாராவது "சாப்ட்டியளா?" என்று கேட்டால், சாப்பிடாமலே தலையை ஆட்டிவிட்டு வந்த ஆள் நான். இவர் பக்கத்தில் இருந்தால் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொள்ளலாம். அந்தத் துப்பாக்கி எனக்கு அந்த முதுகையும் இல்லாமல் பண்ணிவிட்டது.

ஒரே ஒரு தடவை சுரண்டையில் அவர் தம்பி மகன் கல்யாணத்துக்கு அதையும் கொண்டு இரண்டு பேரும் போனோம். தமிழ்நாட்டுக்குள் கொண்டுபோகலாம், லைசென்ஸ் உண்டு. உறைக்குள் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். பந்தியில் உட்கார்ந்தபோதும் அது அவர் மடியில் குறுக்கே கிடந்தது. ரசம் ஊற்ற வந்த பையன் வாளியோடு அப்படியே நின்றுவிட்டான். மாப்பிள்ளையின் தாய்மாமன், "அண்ணாச்சி, தாலி கட்டும்போது மேல பாத்து ஒரு வெடி வைங்களேன், வீடியோல நல்லாருக்கும்" என்றார். இவருக்கு முகம் செத்துப்போய்விட்டது. பாயசம் குடிக்காமல் எழுந்துவிட்டார். அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்கும் அதைக் கொண்டுபோனதில்லை.

எங்களுக்கு விடுதலை கிடைக்கிறது தேர்தல் சமயத்தில்தான். தேர்தல் தேதி அறிவித்துவிட்டார்கள் என்றால், லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிற எல்லாரும் அதை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஓட்டு எண்ணி முடிந்த பிறகுதான் திருப்பித் தருவார்கள். பெரிய வங்கிக்காரர்கள் காவலுக்கு என்று விலக்கு வாங்கிக்கொள்வார்கள். இவருடைய முதலாளி அதற்கெல்லாம் மெனக்கெட மாட்டார். "ரெண்டு மாசத்துக்குக் கம்ப வச்சுக்கிட்டு நில்லுங்க" என்றுவிடுவார். அந்த இரண்டு மாதமும் எங்களுக்குத் திருவிழாதான். ஊரெல்லாம் யார் ஜெயிப்பார் என்று பேசிக்கொண்டு திரியும். நாங்கள் வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு குற்றாலத்துக்குப் போவோம். தேர்தல் வருவது நல்ல கோடையில். அருவியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழாது. பாறை வெள்ளை வெளேர் என்று காய்ந்து கிடக்கும். குரங்குகள்கூட எங்களைப் பார்த்து, இவர்கள் என்னத்துக்கு வந்தார்கள் என்று முழிக்கும். கோயிலில் கும்பிட்டுவிட்டு, நேந்திரங்காய்ச் சிப்ஸ் வாங்கிக்கொண்டு, தண்ணீர் இல்லாத அருவிக்கு எதிரில் உட்கார்ந்திருப்போம். அது போதும் எனக்கு.

மகளின் கல்யாணமும் அப்படி ஒரு தேர்தலை ஒட்டித்தான் நடந்தது. பாராளுமன்றத் தேர்தல் முடிந்து, துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போங்கள் என்று ஸ்டேஷனில் இருந்து சொல்லி விட்டும், கல்யாணம் முடியட்டும் என்று இவர் விட்டுவைத்திருந்தார். அதனால் மேடையில் இரண்டு பேரும் சேர்ந்து நின்றோம்.

மாப்பிள்ளைக்கு ஆரியங்காவு. அங்கே குடியேறின தமிழ்க் குடும்பம். புனலூரில் ஒரு ஒர்க்ஷாப்பில் வேலை. செங்கோட்டை தாண்டி, புளியரை தாண்டி, மலை ஏறினால் வந்துவிடுகிற ஊர். எங்கள் பக்கத்தில் அதை யாரும் வேறு மாநிலம் என்று நினைப்பதே இல்லை. காலையில் காய்கறி மூட்டையோடு போகிறவர் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவார். செங்கோட்டையே ஒரு காலத்தில் மலையாளத்துக்காரர்களுடையதுதானே. பெண் கேட்டு வந்தபோது எல்லாம் விசாரித்தோம். மாப்பிள்ளை குடிப்பாரா, கிணற்றில் கோடையில் தண்ணீர் கிடக்குமா, மாமியாருக்கு வாய் எப்படி என்று கேட்டோம். மலைக்கு அந்தப் பக்கம் அவருடைய லைசென்ஸ் செல்லுமா என்று கேட்க இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. சுரண்டைக்குக் கொண்டுபோன மாதிரி, அவசரம் என்றால் மகள் வீட்டுக்கும் கொண்டுபோய்க்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தோம்.

ஆடிக்கு மகளை அழைக்கப் போக வேண்டும். தாய் தகப்பன் இரண்டு பேரும் போய் அழைத்தால்தான் மரியாதை. துப்பாக்கியைத் திருப்பி வாங்கப் போன இடத்தில் இவர் ஸ்டேஷன் ரைட்டரிடம் பேச்சுவாக்கில் கேட்டிருக்கிறார்.

"அண்ணாச்சி, இது தமிழ்நாட்டுக்குள்ள மட்டுந்தான்" என்றிருக்கிறார் அவர். "எல்லையில கோட்டைவாசலத் தாண்டிட்டா நீங்களும் கள்ளத் துப்பாக்கிக்காரனும் ஒண்ணுதான்."

"அப்போ அங்க உள்ளவன் இங்க கொண்டுவந்தா?"

"அவனுக்கும் அதே கதிதான். அவன் லைசென்ஸ் இங்க செல்லாது, ஒங்க லைசென்ஸ் அங்க செல்லாது. பக்கத்து மாநிலத்துக்கும் சேத்து வேணும்னா மேல எழுதிப் போடணும்."

எழுதிப் போட்டார். கலெக்டர் ஆபீசில் கூப்பிட்டு விசாரித்தார்கள். என்ன காரணம் என்று கேட்ட இடத்தில் இவர் உள்ளதைச் சொல்லியிருக்கிறார். மகள் வீட்டுக்குப் போக.

அங்கே இருந்த ஒருவர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாராம். "மக வீட்டுக்குப் போறதுக்குத் துப்பாக்கி எதுக்குவே? சம்மந்தி அவ்வளவு மோசமா?"

எல்லாரும் சிரித்துவிட்டார்களாம். துப்பாக்கி தேவை என்பதற்காகக் கேட்கவில்லை, விட்டுவிட்டுப் போக முடியாததால் கேட்கிறேன் என்பதை இவருக்கு எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. அந்த மனு என்ன ஆனது என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியாது.

ஸ்டேஷனில் கொடுத்து வைத்துவிட்டுப் போகலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். சட்டப்படி கொடுக்கலாம். ஆனால் அந்தத் தேர்தலுக்குக் கொடுத்து வாங்கினபோது குழலுக்குள் துருப் பிடித்து, கட்டையில் ஒரு கீறலும் விழுந்து வந்திருந்தது. எத்தனையோ நாள் எண்ணெய் போட்டுத் துடைத்தார். அதையும் பொறுத்துக்கொண்டு ஒரு தடவை, தீபாவளிக்கு முன்னால், கொடுக்கத்தான் போனார். இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார், நாளைக்கு வாங்க என்றார்கள். நாளைக்கும் அதையே சொன்னார்கள். மூன்றாம் தடவை போனபோது அங்கே இருந்த ஒரு சின்ன வயசுப் போலீஸ்காரர், "ஒங்களுக்கு ஊருக்குப் போணும்னா நாங்க என்ன இதுக்கு ஆயாவா?" என்று கேட்டுவிட்டார். இவர் பட்டாளத்தில் இருந்தவர். திரும்பி வந்துவிட்டார். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவிடவில்லை. கடையில் விட்டுவைக்கவும் முதலாளி ஒத்துக்கொள்ள மாட்டார்.

ஆகவே மகள் வீட்டுக்கும் ஆள் மாற்றித்தான் போனோம். ஒரு மாதம் நான். அடுத்த மாதம் அவர். மகள் ஒருநாள் போனில் சொன்னாள்:

"யம்மா, எங்க அத்த கேக்காவ, ஒங்க அம்மைக்கும் அப்பனுக்கும் பேச்சுவார்த்த கெடையாதான்னு."

"என்னட்டி இது, நீ சொல்ல வேண்டியதுதான?"

"துப்பாக்கின்னு சொன்னேன். அதுக்கு அவிய, ரெண்டு பேரும் சண்ட போட்டா சுட்டுக்கிருவாவளோன்னு பயந்துட்டாவ."

அவள் சிரித்தாள். அவள் சிரிக்கும்போது இடையில் நின்று மூச்சு வாங்கினது எனக்குப் போனில் கேட்டது. படி ஏறி வந்திருப்பாள் என்று நினைத்தேன்.

படி ஏறினதால் இல்லை. சின்ன வயசில் அவளுக்கு மூட்டெல்லாம் வீங்கி ஒரு காய்ச்சல் வந்தது. அது இருதயத்தில் போய் உட்கார்ந்திருந்ததாம். வால்வு சுருங்கிவிட்டது என்று புனலூர் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆபரேஷன் பண்ண வேண்டும். அதற்கு முன்னால் மருந்து கொடுத்து உடம்பைத் தேற்ற வேண்டும் என்றார்கள்.

முதல் தடவை அவளைச் சேர்த்திருக்கிறார்கள் என்று தகவல் வந்த அன்றைக்கு இவர் ஒரு காரியம் பண்ணினார். கடை மேனேஜர் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டே இருப்பார்: "பாயில சுத்தி பஸ்ல ஏறுங்க அண்ணாச்சி. செக்போஸ்ட்ல ரேஷன் அரிசியத்தான் தேடுவான். ஒங்க படுக்கைய எவன் பிரிச்சுப் பாக்கப் போறான்?" இவர் அதற்கு எப்போதும், "அரிசின்னா அரிசியத்தான் பிடுங்குவான். இதுன்னா ஆளையே பிடிப்பாம்லா" என்று சொல்லிவிடுவார். அன்றைக்கு நான் அடுக்களையில் இருந்து வரும்போது அவர் கோரம்பாயை விரித்து, துப்பாக்கியை நடுவில் வைத்து, மேலே ஒரு போர்வையைப் போட்டுச் சுருட்டிக்கொண்டிருந்தார். நான் கயிறு எடுத்துக் கொடுத்தேன்.

செங்கோட்டையில் புனலூர் பஸ் ஏறினோம். கண்டக்டர் பாயை மேலே போடச் சொன்னார். இவர் மாட்டேன் என்று காலுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டார். நகைக்கடன் கடை வாசலில் உட்காருகிற மாதிரியே உட்கார்ந்திருந்தார். எதிர்ச் சீட்டில் இருந்த ஒரு அம்மா, "ஆஸ்பத்திரிக்கா? யாருக்கு முடியல?" என்று கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பக்கத்தில் இருந்த ஒருவர், "விடு அக்கா, அண்ணாச்சி பிடிச்சிருக்க பிடியப் பாத்தா பாய்க்குள்ள பணம்லா இருக்கு" என்றார். பஸ்ஸில் நாலு பேர் சிரித்தார்கள். இவருக்குக் கழுத்தில் வேர்வை ஓடினது.

செக்போஸ்ட் இருக்கிற புளியரை வந்தது. யாரோ இறங்கினார்கள். பஸ் கிளம்பப் போகிற நேரத்தில் இவர் எழுந்துவிட்டார்.

"நீ போ" என்றார் என்னிடம். "என்னால முடியாது. பிடிச்சு உள்ள வச்சுட்டான்னா, அவ ஆபரேஷனுக்கு யாரு இருப்பா?"

பாயைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டீக்கடைக்குப் பக்கத்தில், தோளில் பாயோடு, நாங்கள் போகிற திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்கப்புறம் முறை வைத்துப் போனோம். நான் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வருவேன். நான் வாசல்படி ஏறினதும் அவர் செருப்பை மாட்டுவார். எங்கள் பேச்சு எல்லாம் அந்த வாசலோடு முடிந்துவிடும்.

"எப்பிடி இருக்கா?"

"கஞ்சி குடிச்சா."

"மூச்சு?"

"மெத்தைய உசத்தி வச்சா பரவால்ல."

அவர் போய்விடுவார். நான் உள்ளே போய்ப் பீரோவைப் பார்த்தவாறு உட்கார்ந்துகொள்வேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் மகள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அவளுக்குப் பயம் ஜாஸ்தி. என்னைப் போலத்தான். "ஆபரேஷன் அன்னைக்கு ரெண்டு பேரும் வரணும். ஒருத்தர் வந்தா எனக்கு இன்னொருத்தர் எப்பிடி இருக்காவளோன்னே இருக்கு. கண்ண மூடுமுன்ன ரெண்டு பேரையும் சேத்துப் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

அவர் அவள் தலையைத் தடவிச் சொல்லியிருக்கிறார்: "சட்டமன்றத் தேர்தல் வருதுல்லா. தேதிய அறிவிச்ச அன்னைக்கே கொண்டு கொடுத்துருவேன். தேர்தல் வரட்டும், ரெண்டு பேரும் வாறோம்."

அன்றில் இருந்து அவள் டிவியில் சீரியல் பார்ப்பதை விட்டுவிட்டுச் செய்தி பார்க்க ஆரம்பித்தாள். மாப்பிள்ளை சொல்லிச் சிரிப்பார். "அத்த, இவளுக்கு எந்தக் கட்சி யாரோட கூட்டுன்னு எல்லாம் மனப்பாடம்." நான் போகும்போதெல்லாம், "யம்மா, இந்த வாரம் அறிவிச்சிருவாவளாம்" என்பாள். அந்த வாரம் போய்விடும். "அடுத்த வாரம் கட்டாயமாம்" என்பாள். "இங்கயும் அங்கயும் ஒரே சமயத்துலதான் எலெக்‌ஷனாம், தெரியுமா?" என்றாள் ஒருநாள். அது என்னவோ நமக்கு இன்னும் நல்லது என்கிற மாதிரி சொன்னாள். ஆபரேஷனையும் மாப்பிள்ளை டாக்டரிடம் பேசி, அதை ஒட்டியே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு பண்ணியிருந்தார். டாக்டரும் உடம்பு தேற அவ்வளவு நாள் வேண்டும்தான் என்றார்.

அறிவிப்பு வருவதற்கு முன்னால் அந்தப் போன் வந்தது. காலை நேரம். அவர் கடையில் இருந்தார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். மாப்பிள்ளை வேறு ஒன்றும் சொல்லவில்லை.

"அத்த, மாமாவயும் கூட்டிட்டு வாங்க" என்றார்.

"மாமாவயும்" என்று அவர் சொன்னதிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

கடைக்குப் போன் போட்டேன். அவர் துப்பாக்கியோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். பீரோவைத் திறந்து அதை உள்ளே வைத்தார், சாத்தினார். யூனிபாரத்தைக்கூட மாற்றவில்லை. தொப்பியை மட்டும் கழற்றிக் கட்டிலில் போட்டுவிட்டு, "வா" என்றார். நான் அடுப்பை அணைத்தேனா என்றுகூட நினைவில்லை. வந்த ஆட்டோவிலேயே செங்கோட்டைக்குப் போய் பஸ் ஏறினோம்.

புளியரை வரும்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. கை இடுப்புக்குப் போய் பீரோச் சாவியைத் தேடினதை நான் பார்த்தேன். சாவி அங்கே இல்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். வீட்டில் யாரும் இல்லை. சாவி பீரோவிலேயே தொங்கிக்கொண்டிருக்கிறது. இறங்குவார் என்றுதான் நினைத்தேன். பஸ் நின்றது. ஆள் ஏறினார்கள். அவர் முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பஸ் கிளம்பி மலை ஏறினது. வளைவில் திரும்பும்போது அவர் தோள் என் தோளில் இடித்தது. கல்யாணம் ஆன புதிதில் பஸ்ஸில் அப்படித் தோள் இடிக்கப் போனது. அதற்கப்புறம் அப்படி எத்தனை தடவை உட்கார்ந்திருப்போம், சொல்லத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் அவளை ஐ.சி.யூ.வுக்குள் கொண்டுபோயிருந்தார்கள். வாசலில் ஒரு நர்சுப் பெண் நின்றாள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போகப் பார்த்தோம். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"ஒராள் மாத்ரம், அம்மே. ஒராள் போயி வந்திட்டு மற்றயாள்."

"நீ போ மொதல்ல" என்றார் அவர்.

உள்ளே போனேன். முகத்தில் மாஸ்க் போட்டிருந்தார்கள். கண்ணைத் திறந்து பார்த்தாள். அடையாளம் தெரிந்தது.

"வந்தியா" என்றாள். குரல் எங்கேயோ இருந்து வந்தது. "அப்பா நாளைக்கு வருவாவளா?"

"அப்பா வெளியதாம்ட்டி நிக்காவ. சேந்துதான் வந்தோம்."

அவள் மாஸ்க்குக்குள் சிரித்தாள். "அப்போ துப்பாக்கி?"

"வீட்ல கெடக்கு."

"ஆளில்லாமயா?" தலையை மெள்ள ஆட்டினாள். "ஒனக்குப் பொய் சொல்லத் தெரியலம்மா."

"சத்தியமாட்டி. ஒன் மேல ஆணையா."

அவள் என் கையைப் பிடித்து அமுக்கினாள். பரவாயில்லை, விடு என்கிற மாதிரி அமுக்கினாள். தன்னுடைய ஆறுதலுக்காக நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். நர்சு வந்து தோளைத் தொட்டாள். வெளியே வந்தேன். அவர் உள்ளே போனார்.

அவர் திரும்பி வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்ன சொன்னா?" என்றேன்.

"அம்மா பஸ் ஏறிட்டாளான்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னிய?"

"வெளிய இருக்கா, சேந்துதான் வந்தோம்னேன். சரிப்பான்னு சொல்லி கண்ண மூடிக்கிட்டா."

ஆள் மாற்றித்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டாள். எப்போதும் போல.

நான் எழுந்து அந்த நர்சுப் பெண்ணிடம் போனேன். தெரியாத ஒருவரிடம் நானாகப் போய்ப் பேசினது என் ஆயுசில் அதுதான் என்று நினைக்கிறேன். மலையாளம் எனக்கு வராது. தமிழ் அவளுக்கு எவ்வளவு விளங்கினதோ. "தாயி, ஒரே ஒரு நிமிசம். நாங்க ரெண்டு பேரும் சேந்து அவ முன்னால நின்னுட்டு வந்துருதோம். ஒண்ணும் பேச மாட்டோம். அவ பாத்தாப் போதும்" என்றேன். இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினேன். அந்தப் பெண் என் முகத்தையே பார்த்தாள். நல்ல பெண். எனக்கு அவள் மேல் ஒரு குறையும் கிடையாது.

"இப்போ டாக்டர் வரும். டாக்டர் நோக்கிட்டுப் போகட்டே. பின்னே ரெண்டாளும் கேறிக்கோ" என்றாள்.

நான் வந்து அவரிடம் சொன்னேன். "டாக்டர் பாத்துட்டுப் போனதும் ரெண்டு பேரும் போலாமாம்."

அவர் எழுந்து சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். குழாயில் முகத்தைக் கழுவிவிட்டு வந்தார். நானும் தலையைக் கோதிக்கொண்டேன். இரண்டு பேரும் அந்தக் கதவைப் பார்த்தபடி பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். டாக்டர் உள்ளே போனார். போனவர் சீக்கிரம் வரவில்லை. இன்னொரு டாக்டர் ஓடி வந்தார். அந்த நர்சுப் பெண் வெளியே வந்து எங்களைப் பார்க்காமல் மாப்பிள்ளையைக் கூப்பிட்டாள்.

பிறகு எங்கள் இரண்டு பேரையும் சேர்த்தே உள்ளே விட்டார்கள்.

ஆரியங்காவு வீட்டில் அவளைக் கிடத்தியிருந்தபோது சம்மந்தியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் நல்ல மனசுதான். "மைனி, ஒங்க ரெண்டு பேரையும் ஒண்ணாப் பாக்கணும் பாக்கணும்னு எம் மருமவ சொல்லிக்கிட்டே கெடந்தாளே. இப்ப நாங்க பாக்கோம்" என்றாள். பிறந்த வீட்டுக் கோடிப் புடவையை இவரும் நானும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து அவள் மேல் போர்த்தினோம்.

எல்லாம் முடிந்து ஊருக்கு வரும்போது தெருவில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. பூட்டவே இல்லை போல. வெறுமனே இழுத்துச் சாத்தினது சாத்தினபடி இருந்தது. களைந்த அரிசி பாத்திரத்தில் புளித்துப் போயிருந்தது. தொப்பி கட்டிலில் கிடந்தது. சாவி பீரோவில் தொங்கினது. அவர் பீரோவைத் திறந்தார். துப்பாக்கி அவர் வைத்த இடத்தில் இருந்தது. அதை ஒருவரும் தொட்டிருக்கவில்லை. யாரும் உள்ளே வந்ததாகவே தெரியவில்லை.

அவர் பீரோவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"ஒண்ணும் ஆகலட்டி" என்றார். "இத்தன நாள் இது இப்பிடியே இருந்திருக்கு. ஒண்ணுமே ஆகல."

ஆஸ்பத்திரியில் அழாத மனுசன், சுடுகாட்டில் இருந்து வந்தும் அழாத மனுசன், அப்போது அழுதார்.

அந்த வாரத்திலேயே திருநெல்வேலியில் துப்பாக்கிக் கடையில் கொண்டுபோய் அதைக் கொடுத்துவிட்டு வந்தார். நகைக்கடன் கடை முதலாளியிடம் சொல்லிவிட்டு வேலையையும் விட்டார். லைசென்ஸை என்ன பண்ண வேண்டும் என்று அவரே விசாரித்துப் பண்ணினார். நான் கேட்டுக்கொள்ளவில்லை. பீரோவில் அது நின்ற இடத்தில் மாப்பிள்ளை கொடுத்தனுப்பின மகளின் புடவைகளை அடுக்கி வைத்தேன். தேர்தல் தேதியை அதற்கப்புறம்தான் அறிவித்தார்கள். பக்கத்து வீட்டு டிவியில் கேட்டது. அவர் எழுந்து போய் எங்கள் வீட்டு ஜன்னலைச் சாத்தினார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ரயிலில் போனோம். வீட்டைப் பூட்டி, சாவியை நான் முந்தானையில் முடிந்துகொண்டேன். எங்களுக்குச் சேர்ந்து போய்ப் பழக்கமே இல்லை. செங்கோட்டை ரயிலடியில் அவர் விறுவிறு என்று முன்னால் நடந்தார். எனக்கு அவ்வளவு வேகம் வரவில்லை. நான் போய்ச் சேருவதற்குள் அவர் கவுண்டரில் நின்று, "ஆரியங்காவு ஒண்ணு" என்று சொல்லி, டிக்கெட்டை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பிளாட்பாரத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார்.

நான் கூப்பிடவில்லை. கவுண்டருக்குப் பக்கத்திலேயே நின்றேன். அவர் பாதி தூரம் போய், யாரையோ தேடுகிற மாதிரி நின்று, திரும்பிப் பார்த்தார். நான் நிற்பதைப் பார்த்தார். பையில் இருந்து அந்த டிக்கெட்டை எடுத்துப் பார்த்தார். பிறகு மெள்ள நடந்து வந்து வரிசையில் கடைசி ஆளாக மறுபடியும் நின்றார்.